செட்டிநாடும் ஆங்கிலச் சொற்கல்வியும்

ஓர் ஆங்கிலச் சொல்லை எளிய விளக்கம் ஒன்றாலும் எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றாலும் கற்பிக்கும் முறை இன்று பள்ளிப் பாடநூலிலும் கைபேசி அகராதியிலும் இயல்பாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் இம்முறை வருவதற்கு முன்பு நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது, சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வது. இந்த மாற்றத்தைச் செட்டிநாட்டின் வழியே, குறிப்பாகக் காரைக்குடி, கோட்டையூர் வட்டாரத்தின் வழியே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து பர்மா, மலாயா, இலங்கை எனப் பிரிட்டிஷ் ஆட்சி பரவிய இடங்களுக்கெல்லாம் சென்று வட்டித்தொழில் செய்த நகரத்தார், தங்கள் கணக்குகளைத் தமிழிலேயே எழுதினர். ஆங்கிலம் அவர்களைச் சுற்றி இருந்தது. அவர்களுடைய பேரேட்டுக்குள் நுழையவில்லை. அந்தத் தொழில் சரிந்தபின் அதே ஊர்களில் கல்லூரிகள் எழுந்தன. ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலச் சொல், பிறர் கவனித்துக்கொள்ளும் பொருள் என்ற நிலையிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் கற்க வேண்டிய பொருளாக மாறியது.

'கடன்' என்ற சொல்லும் இரண்டு ஆங்கில வினைகளும்

சொல்லுக்குச் சொல் கற்பதில் உள்ள சிக்கலை விளக்க, வட்டிக்கடைச் சொற்களைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தமிழில் 'கடன்' என்பது ஒரு பெயர்ச்சொல். அதைக் கொடுக்கலாம், வாங்கலாம், அடைக்கலாம். ஆங்கிலத்தில் கொடுப்பதற்கு 'லெண்ட்', வாங்குவதற்கு 'பாரோ' என இரண்டு வேறு வினைகள். கொடுத்தவர் பார்வையில் அந்தத் தொகை 'லோன்'. திருப்பித் தர வேண்டியவர் தலைமேல் இருக்கும்போது 'டெட்'. நான்குக்கும் எதிரே 'கடன்' என்று எழுதி மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் எழுதலாம். பேச முற்பட்டால் கொடுத்தவரையும் வாங்கியவரையும் இடம் மாற்றிவிடுவார்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 'இன்ட்ரஸ்ட்' என்றால் வட்டி. ஆர்வம் என்றும் பொருள். 'பிரின்சிபல்' என்றால் வட்டிக்கு விட்ட முதல். கல்லூரி முதல்வரைக் குறிப்பதும் அதே சொல்தான். 'பேலன்ஸ்' மீதியாகும், தராசாகும், சமநிலையாகும். 'கிரெடிட்' வரவாகும், கடன் நம்பிக்கையாகும், பாராட்டாகவும் ஆகும். இவற்றுள் எந்தப் பொருள் என்பதைத் தனிச்சொல் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும்.

'பாரோ' என்பதை ஓர் எளிய அகராதி விளக்கினால் இப்படி இருக்கும்: 'டு டேக் சம்திங் ஃப்ரம் எ பெர்சன் அண்ட் கிவ் இட் பேக் லேட்டர்.' அடுத்து ஒரு வாக்கியம்: 'ஐ பாரோட் டென் ருபீஸ் ஃப்ரம் மை அங்கிள்.' விளக்கத்தில் வரும் சொற்கள் அனைத்தும் விளக்கப்படும் சொல்லைவிட எளியவை. வாக்கியத்தில் வரும் 'ஃப்ரம்' பணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று காட்டிவிடுகிறது. 'லெண்ட்' என்பதற்கான வாக்கியத்தில் அந்த இடத்தில் 'டு' வரும். இவ்வளவு சின்ன வேறுபாட்டைத் தமிழ்ப் பொருள் எத்தனை அடுக்கினாலும் காட்ட இயலாது.

திண்ணைப் பள்ளியும் நிகண்டும்

சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் பழக்கத்தை ஆங்கிலக் கல்வி கொண்டுவரவில்லை. அது திண்ணைப் பள்ளியில் ஏற்கெனவே இருந்தது. மணலில் விரலால் எழுதி எழுத்து கற்ற பிள்ளைகள் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு ஆகியவற்றை ஒப்பித்தனர். வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு எண்சுவடி முதன்மையானது. முந்திரி எனப்படும் 1/320 வரையிலான சிறு பின்னங்களை வாய்ப்பாடாகச் சொல்லத் தெரிந்தால்தான் வட்டியை மனக்கணக்காகப் போட முடியும்.

நிகண்டு என்பது செய்யுள் வடிவில் அமைந்த சொற்களஞ்சியம். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு நெடுங்காலம் பாடமாக இருந்தது. அதன் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பது. ஒரு சொல் பல பொருள் தரும் என்பதைத் தமிழ் மாணவர் இளமையிலேயே அறிந்திருந்தார் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் எந்தப் பொருள் எங்கே வரும் என்பதை நிகண்டு சொல்வதில்லை. அதை இலக்கியம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது போதும். அயல்மொழியை அவ்வாறு கற்கப் புகுந்தபோதுதான் குறை வெளிப்பட்டது.

நிகண்டிலிருந்து அகரவரிசைக்கு மாறும் முயற்சி 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டில் காணப்படுகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாக அமைந்தது. இவை தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் தருபவை.

திண்ணைப் பள்ளி முறை ஆங்கிலேயர் கல்வியையும் பாதித்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கையாண்டார். இங்கிலாந்து திரும்பியபின் அவர் அதைப் பரப்பியதால் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. அந்த முறையில் இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர். கல்வி ஒரு திசையில் மட்டுமே பயணம் செய்ததாக எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

தமிழ் கற்க வந்தவர்களின் அகராதிகள்

தமிழையும் ஐரோப்பிய மொழியையும் இணைத்த முதல் அச்சு அகராதி போர்ச்சுகீசிய மொழிக்குரியது. அந்தாம் தெ புரோவென்சா தொகுத்த அது 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. ஆங்கிலத்துக்கு வழி திறந்தவர் ஜெர்மானிய மறைப்பணியாளர் பப்ரிசியுஸ். அவரும் பிரைத்தாவுப்பும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் – ஆங்கில அகராதி சென்னை வேப்பேரியில் 1779இல் வெளிவந்தது. 1786இல் ஆங்கிலம் – தமிழ்ப் பகுதி வந்தது. பின்னர் ராட்லர் அகராதியும், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோரின் தொகுப்புகளும், 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் வின்சுலோ அகராதியும் அச்சாயின.

இவற்றின் உழைப்பு பெரியது. ஆனால் இவை பெரும்பாலும் தமிழ் கற்க வந்த வெளிநாட்டவரின் தேவையிலிருந்து பிறந்தவை. 'யானை' என்ற சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டால் ஆங்கிலேயருக்கு வேலை முடிந்தது. அந்த ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் எப்படி இடுவது என்பது அவருக்குத் தெரியும். அதே நூலைத் தமிழ் மாணவர் கையில் எடுத்து மறுபக்கமிருந்து படித்தபோது, அவருக்குத் தேவையான பாதி அதில் இல்லை. தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்றோர் நீண்டகாலம் இந்தத் தலைகீழ் நூல்களை வைத்துக்கொண்டே கற்றனர். அவற்றைச் சுருக்கி வந்த மலிவுச் சொற்பட்டியல்களும் அந்தக் குறையை அப்படியே பெற்றுக்கொண்டன.

கொண்டுவிற்கப் போனவர்கள்

கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதை நகரத்தார் 'கொண்டுவிற்கப் போதல்' என்பர். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி, பின்னர் சொந்தமாகத் தொழில் செய்வது வழக்கமான பாதை. ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்றாண்டு ஒப்பந்தம். பத்து, பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திக் கப்பலேறிய சிறுவர் பலர்.

கடைக்குள் எல்லாம் தமிழ். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை, நடப்பு வட்டி என ஒரு முழுமையான தொழில்மொழி இருந்தது. 'பேலன்ஸ் ஷீட்' என்ற சொல்லைக் கேள்விப்படாமலே ஐந்தொகை எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ரங்கூனில் செட்டியார் கோவிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். கடைக்கு வெளியே நிலைமை வேறு. இம்பீரியல் வங்கியில் கடன் பெறவும், பத்திரம் பதியவும், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும், வருமானவரி அலுவலருக்குக் கணக்குக் காட்டவும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. அதற்கு வழக்கறிஞரையும் ஆங்கிலம் அறிந்த எழுத்தரையும் நம்பினர். தாம் படிக்க முடியாத தாளில் கையெழுத்திடுவதில் உள்ள ஆபத்தை, பிறருக்குக் கடன் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்கியவர்களைவிட வேறு யார் அறிந்திருப்பர்?

இந்தப் போக்குவரத்தில் சொற்கள் இருபக்கமும் சென்றன. நகரத்தார் கூட்டாகத் தங்கிக் கடை நடத்திய நீண்ட கூடம் 'கிட்டங்கி' எனப்பட்டது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் கிட்டங்கிகள் இருந்தன. பண்டசாலையைக் குறிக்கும் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிடங்கி', மலாய்க் 'குடாங்' ஆகியவை ஒரே குடும்பம். ஆங்கிலத்தின் 'கோடவுன்' இந்த வழியில் உருவானது என்பது அகராதியாளர் கருத்து. அதுவே 'குடோன்' என்று மீண்டும் தமிழுக்குள் வந்து, ஆங்கிலச் சொல் என்று பெயர் பெற்றது. 'கேஷ்' என்ற சொல்லின் கதை சற்று ஏமாற்றுவது. கிழக்கு நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்க் 'காசு' என்பதிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகச் சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பிரெஞ்சு வழி வந்த வேறொரு சொல். இரண்டும் ஒன்றே என்று பரவலாக எழுதப்படுகிறது, அது சரியன்று.

பாதியில் நிற்கும் மாணவருக்கான கணக்கு

படிப்பை நடுவில் விட்டுவிடும் சிறுவர் என்பது செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. இதையே தன் ஆய்வின் மையமாக எடுத்துக்கொண்டவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய அவர், இருமொழியம் குறித்த நூலை 1926இல் வெளியிட்டார். வங்காளத்தில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பள்ளியை முடிப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். முடிப்பவருக்கு மட்டும் பயன்தரும் பாடத்திட்டம் மற்றவருடைய ஆண்டுகளை வீணாக்குகிறது. இதை விளக்க அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து 'சரண்டர் வேல்யூ' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பாலிசியை நடுவில் நிறுத்தினாலும் ஒரு தொகை கையில் கிடைக்க வேண்டும். அதுபோல மூன்றாம் ஆண்டில் நின்றவருக்கும் அந்த மூன்று ஆண்டுக்குரிய பயன் இருக்க வேண்டும்.

இதிலிருந்து பிறந்ததே அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பித்தல் என்ற கொள்கை. எந்தச் சொல் அதிகம் பயன்படுகிறதோ அது முன்னே. அரிய சொல் பின்னே. வெஸ்ட் எழுதிய நியூ மெதட் வாசிப்பு நூல்கள் இந்த வரிசையில் அமைந்தன. 1935இல் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, சொற்களும் மரபுத்தொடர்களுமாக ஏறத்தாழ 24,000 பதிவுகளை 1,490 சொற்களை மட்டுமே கொண்டு விளக்கியது. அதற்கு முந்தைய அகராதிகளின் குறை வேடிக்கையானது. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியில் வலைப்பின்னலைக் குறிக்கும் எளிய சொல்லுக்கு, அதைவிடப் பல மடங்கு கடினமான இலத்தீன் வழிச் சொற்களால் பொருள் எழுதியிருந்தார். ஆங்கிலேயர் அதைப் படித்துச் சிரிக்கலாம். பொருள் தெரியாமல் அகராதியைத் திறந்த அயல்மொழி மாணவர் என்ன செய்வார்?

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆக்டன் 850 சொற்களைக் கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தை 1930இல் வெளியிட்டார். அதில் 600 பெயர்ச்சொற்கள், 150 பண்புச்சொற்கள், மீதி நூறு வினைகளும் இடைச்சொற்களும். வினைகள் வெறும் 18. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் தமிழருக்கு அவ்வளவு எளிதன்று. வினைகள் குறைந்ததால் 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'கெட் ஆன்' போன்ற தொடர்கள் பெருகின. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே என்று கற்றவர், 'கிவ் அப்' என்றால் கைவிடு என்று ஊகிக்க வழியில்லை. சொற்பட்டியலின் நீளத்தை மட்டும் வைத்து ஒரு மொழியின் சுமையை அளக்கக்கூடாது என்பதற்கு இது சான்று. ஆக்டனின் பட்டியலைவிட வெஸ்டின் வரிசைமுறையே இந்திய வகுப்பறைக்குப் பொருந்தியது எனலாம்.

வாக்கியத்துக்கு உரிய இடத்தைத் தந்தவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர் துணையாசிரியர்களுடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சானது. ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை 1948இல் கற்போர் அகராதியாக வெளியிட்டது. ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதை அது குறியீடுகளாலும் எடுத்துக்காட்டுகளாலும் காட்டியது. ஆசியாவின் வகுப்பறைகளில் எழுந்த தேவையே இலண்டன் பதிப்பகங்களின் அகராதி முறையை மாற்றியது என்பது கவனிக்கத்தக்கது.

பர்மா கைவிட்டுப் போனபின்

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நில உடைமை, 1937–38 அளவில் 25 விழுக்காடாக உயர்ந்தது. வட்டிக்கு விட்ட பணம் மண்ணாக மாறிய இந்நிலை அவர்களுக்கும் நன்மையாக அமையவில்லை; பர்மியரிடையே பகையையும் வளர்த்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பல்லாயிரம் இந்தியர் கால்நடையாகவே வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.

இதற்குப் பின் நகரத்தாருள் பலர் வேறு துறைகளுக்குத் திரும்பினர். பர்மாவில் பணியாற்றிய சக்தி வை. கோவிந்தன், கண. முத்தையா போன்றோர் தமிழ்ப் பதிப்புத் துறையில் பெயர் பெற்றனர். பையனை எட்டாம் வகுப்போடு கடைக்கு அனுப்புவது என்ற பழைய வழி அடைபட்டது. வேலைக்கு மனுப் போடவும், வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ சேரவும் ஆங்கிலம் தேவைப்பட்டது. இந்த மாற்றத்தைச் சற்று முன்னரே உணர்ந்தவர் கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் (1909–1957). 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், நகரத்தாருள் முதல் எம்.ஏ. பட்டதாரி எனக் குறிப்பிடப்படுகிறார். இங்கிலாந்து சென்று சட்டமும் பயின்றார்.

1947இல் காரைக்குடியில் அவர் தொடங்கிய கலைக்கல்லூரியைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் எனப் பல நிறுவனங்கள் உருவாயின. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 25 ஜூலை 1948 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 14 ஜனவரி 1953 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'சிக்ரி' என்று காரைக்குடி வழக்கில் ஊர்ப்பெயர்போல ஆகிவிட்டது. ஆங்கிலம் அறியாதவரும் நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. அதன் ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது என்பது பலருக்கும் தேவைப்படாத செய்தி.

வகுப்பறையில் தமிழுக்குத் தடை

1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க 'அமைப்பு முறை' எனப்படும் ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டம் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, குறைந்த சொற்களைக் கொண்டு திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பது அதன் சாரம். 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன், தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் இயக்கம் தொடங்கப்பட்டது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மேலும் பலருக்குப் பயிற்சி என உருண்டு பெருகியதால் அது 'மெட்ராஸ் பனிப்பந்து' என அழைக்கப்பட்டது. பனியே காணாத ஊருக்கு இப்படியொரு பெயர்.

பொருளைக் காட்டி, செயலைச் செய்து, வாக்கியத்தில் வைத்துச் சொல்லை உணர்த்த வேண்டும். இயன்றவரை தமிழில் பொருள் சொல்லக்கூடாது என்பது இம்முறையின் விருப்பம். புத்தகத்தைக் கையில் எடுத்து 'திஸ் இஸ் எ புக்' என்றால் புரியும். 'டெட்' என்பதை எதைக் காட்டி உணர்த்துவது? ஆசிரியரே ஆங்கிலத்தில் தடுமாறும் ஊரில், வீட்டில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு, ஒரு தமிழ்ச் சொல்லால் நொடியில் விளங்குவதைத் தடுப்பது கற்பித்தலுக்கு உதவி செய்வதாகாது. எளிய ஆங்கில விளக்கமும்கூட, விளக்கத்தில் உள்ள சொற்களை ஏற்கெனவே அறிந்தவருக்கே எளியது. முதல் ஐந்நூறு சொற்களை ஒருவர் எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும். தமிழ் மாணவர் அவற்றைத் தமிழிலிருந்துதான் பெறுகிறார்.

இந்த இடைவெளியைக் கடைத்தெரு அகராதி நிரப்பியது. 1929இல் தொடங்கிய லிட்டில் பிளவர் கம்பெனியின் லிஃப்கோ அகராதி, ஆங்கிலம் – ஆங்கிலம் – தமிழ் என்ற மும்முனை அமைப்பைத் தமிழ்நாட்டு வீடுகளில் நிலைநிறுத்தியது. ஆங்கிலச் சொல், அதற்கு ஆங்கிலத்தில் சிறு விளக்கம், அடுத்துத் தமிழ்ப்பொருள். ஆங்கில விளக்கத்தைத் தாண்டிக் குதித்துத் தமிழுக்குப் போய்விடும் மாணவரே அதிகம். ஆனால் தேர்ச்சி கூடக்கூட நடுவரியில் கண் நிற்கத் தொடங்கும். ஒரே நூல் தொடங்குபவருக்கும் வளர்ந்தவருக்கும் உதவியது இதனால்தான். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் புலமையில் உயர்ந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இன்றும் பயன்படுவது. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவருக்கு அது எழுதப்படவில்லை.

தமிழ்நாடு 1968இல் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது அரசுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் நிலைத்தன. எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலம் படிப்பர் என்பது உறுதியானது.

ரங்கூன் பெட்டியடியிலிருந்து தமிழ்வழிக் கல்விக்கு

அழகப்பா கல்லூரியின் வரலாற்றில் இக்கேள்வியின் இரு பக்கங்களையும் தம் வாழ்வில் சுமந்தவர் வ. சுப. மாணிக்கம் (1917–1989). மேலைச்சிவபுரியில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, 11 வயதில் ரங்கூனுக்குக் கடைப்பையனாக அனுப்பப்பட்டவர். வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லுமாறு பணிக்கப்பட்டபோது பொய் சொல்ல மறுத்து வேலையை இழந்தார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஊர் திரும்பிப் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் கற்றார். பின்னர் அழகப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் முதல்வராகவும், 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

அகத்திணை பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1962இல் 'தி தமிழ் கான்செப்ட் ஆஃப் லவ்' என்ற பெயரில் நூலாக வந்தது. சங்க இலக்கியத்தின் கைக்கிளை, பெருந்திணை, உடன்போக்கு போன்ற கலைச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது. அவற்றை எளிய விளக்கத்தாலும் பாட்டின் எடுத்துக்காட்டாலும்தான் உணர்த்த முடியும். ஆங்கிலச் சொல்லைத் தமிழருக்கு விளக்கும் சிக்கலை மறுபுறத்திலிருந்து சந்தித்தவர் அவர்.

அவரே பின்னாளில் தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு ஊர் ஊராகச் சென்றார். மழலையர் பள்ளி முதலே எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிப்பிப்பதை அவர் எதிர்த்தார். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு, ஆங்கிலத்தின் வழியே கணக்கையும் அறிவியலையும் கற்பது வேறு என்ற வேறுபாடு இங்கு முக்கியமானது. இரண்டாவது வழியில் பிள்ளை அறிய வேண்டிய சொற்கள் ஒரே ஆண்டில் பன்மடங்காகப் பெருகுகின்றன. விளக்கமும் வாக்கியமும் தரும் அவகாசம் ஆசிரியருக்கு இருப்பதில்லை. மாணவர் மீண்டும் மனப்பாடத்துக்கே திரும்புகிறார். ஆங்கிலவழிப் பள்ளிகள் செட்டிநாட்டின் சிற்றூர்கள்வரை பரவிய பிறகு இந்தச் சிக்கல் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கோட்டையூர் வீட்டிலிருந்து தரமணிக்கு

அழகப்பச் செட்டியாரின் ஊரான கோட்டையூரைச் சேர்ந்தவரே ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய நூல்களை வாங்கத் தொடங்கிய அவர், நூல்கள், பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைக் கோட்டையூர் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது நாட்டைவிட்டுப் போகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. இப்போது தரமணியில் இயங்குகிறது. கற்றல் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இத்தகைய தொகுப்பின் அருமை தெரியும். தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போவது பள்ளிச் சொற்புத்தகம். பெரிய நூலகங்கள் அதைப் பொதுவாகத் தேடிச் சேர்ப்பதில்லை.

அதே சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம அகராதித் திட்டம் பப்ரிசியுஸ், வின்சுலோ அகராதிகளையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் இணையத்தில் எவரும் தேடிப் பார்க்குமாறு செய்தது. வெளிநாட்டவர் தமிழ் கற்க எழுதிய நூல்களைத் தமிழ் மாணவர் இப்போது கைபேசியில் திறக்கிறார்.

அந்த 1992ஆம் ஆண்டிலேயே க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியும் வெளிவந்தது. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழில் எளிய விளக்கம், ஆங்கிலப் பொருள், அதன்பின் இக்கால வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியம் என்பது அதன் அமைப்பு. ஹார்ன்பி போன்றோர் ஆங்கிலத்துக்குச் செய்தது, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தமிழுக்குக் கிடைத்தது. அதன் விரிவாக்கித் திருத்திய மூன்றாம் பதிப்பை 2020இல் கொண்டுவந்த க்ரியா ராமகிருஷ்ணன் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அவ்வகராதியில் 'கடன்' என்ற சொல்லைத் தேடுபவர், கொடுப்பதையும் வாங்குவதையும் தமிழ் எந்தெந்த வினைகளோடு சேர்த்துச் சொல்கிறது என்பதை வாக்கியங்களிலேயே பார்த்துக்கொள்ளலாம்.